விண்ணப்பித்திருக்கும் செல்வி லோஷினி

பெக்கான் நானாஸ்,
மார்ச் 23

அன்பு மகள் லோஷினிக்கு,

அம்மா எழுதுகிறேன். நானும் அப்பாவும் சுகம். உன் சுகம் கேட்டு அனுப்பிய வாட்சாப் செய்திகள் எல்லாம் ஒற்றை டிக்கோடு நிற்கின்றன. அதனால்தான் தாளும் பேனாவும் எடுத்தேன். போஸ் லாஜு விரைவு அஞ்சலில் போட்டால் இரண்டு மூன்று நாளில் கடல் தாண்டிச் சிபுவுக்கு வந்துவிடும் என்றார் தபால் நிலையத்துப் பெண். பள்ளியிலிருந்து ஓய்வு பெற்ற பிறகு இவ்வளவு நீளமாக நான் எதையும் எழுதியதில்லை. எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்.

நோன்புப் பெருநாள் விடுமுறைக்கு வருகிறேன் என்றாய். அப்பா கடற்கரைக் குக்குப் வரை போய் நண்டு வாங்கி வந்தார். சனிக்கிழமை மதியம் விமானம் ரத்தாகிவிட்டது, வர முடியவில்லை என்று உன்னிடமிருந்து ஒரே ஒரு வரி வந்தது. அப்பா அதை இரண்டு தடவை படித்துவிட்டு, விமானத்தை நொந்துகொண்டு, பாதி நண்டுக் குழம்பைப் பக்கத்து வீட்டு டோரிஸுக்குக் கொடுத்துவிடச் சொன்னார். நானும் உன் வரியை நம்பினேன்.

ஞாயிற்றுக்கிழமை குணாளன் வந்தான். உன்னோடு ஆறாம் ஆண்டு வரை என் வகுப்பில் படித்தவன், இப்போது கிராப் வாடகைக் கார் ஓட்டுகிறான். கையில் இரண்டு பெட்டி சரவாக் அடுக்குக் கேக். கேட்டுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு, உள்ளே வர மறுத்துவிட்டான்.

“லோஷினி இத வண்டி பூட்லயே மறந்துட்டு போயிடுச்சு டீச்சர். செனாய் ஏர்போர்ட்ல இருந்து நான்தான் ஏத்திட்டு வந்தேன். நம்ம வீட்டுப் பக்கம் திரும்புற சிம்பாங்ல அந்தக் கோயில் பேனரப் பாத்துட்டு நிறுத்தச் சொன்னுச்சு. இறங்கல. கொஞ்ச நேரம் பாத்துக்கிட்டே இருந்துச்சு. அப்புறம் ஏர்போர்ட்டுக்கே திருப்பிடுன்னுச்சு. நான் ஒன்னும் கேக்கல டீச்சர்.”

நல்ல வேளை, அப்பா அப்போது கோயிலுக்குப் போயிருந்தார். கேக்கைக் குளிர்ப்பெட்டியின் அடித்தட்டில், கீரைக்குப் பின்னால் வைத்திருக்கிறேன். அவருக்கு இன்னும் தெரியாது.

லோஷினி, கடல் தாண்டி வந்துவிட்டு, வீட்டுக்கு இரண்டு தெரு இருக்கும்போது திரும்பிப் போயிருக்கிறாய். உன்னைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. அந்த இடத்தில் வண்டிக்குள் உட்கார்ந்து நீ அதைப் படித்ததை நினைத்தால் எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

பேனர் எப்படி வந்தது என்று நீ தெரிந்துகொள்ள வேண்டும். பங்குனி உத்திரத் திருவிழாவில் மேல்படிப்புக்குப் போகும் பிள்ளைகளைக் கோயில் மேடையில் ஏற்றி மாலை போடுவது வழக்கம், உனக்கே தெரியும். அச்சடிப்பவர் ஆ ஹோக். சீனப் பெருநாளுக்கு அவர் கடையை மூடினால் திறக்க நாளாகும், திறந்தாலும் வேலை குவிந்து கிடக்கும். அதனால் கோயில் தலைவர் சபாபதி வருஷா வருஷம் பெருநாளுக்கு முன்பே பெயர்களைக் கொடுத்துவிடுவார். இதுவரை அதில் தவறு நேர்ந்ததில்லை, ஏனென்றால் மற்ற பிள்ளைகளுக்கு முடிவு முன்பே தெரிந்திருக்கும். உன் விஷயத்தில் அப்பாவிடம் கேட்டிருக்கிறார். அப்பா உன் பட்டமளிப்புப் படத்தை எடுத்துக் கொடுத்துவிட்டார். என்னிடம்கூடச் சொல்லவில்லை. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கட்டச் செய்தார். நீ வரும் வழியில் முதலில் கண்ணில் படட்டும் என்று அந்த இடத்தை அவரே தேர்ந்தெடுத்தாராம். ‘முனைவர் பட்ட ஆய்வுக்கு வெளிநாடு செல்லும் செல்வி லோஷினி திருச்செல்வம்’ என்று எழுத்து ஒவ்வொன்றும் ஒரு முழம்.

அவருக்கு எப்படித் தெரியும்? நெதர்லாந்தும் பிரிட்டனும் ஆஸ்திரேலியாவும் இல்லை என்று எழுதியது உனக்கும் எனக்கும் மட்டும்தானே தெரியும். அப்பாவிடம் சொல்லாதீங்கம்மா, ஒன்னாவது கிடைக்கட்டும், அப்புறம் எல்லாத்தையும் சேர்த்துச் சொல்லிக்கலாம் என்று நீ கேட்டாய். நானும் சரி என்றேன். ஆகையால் அவர்மேல் கோபப்படாதே. அவர் கையில் இருந்தது நீ போட்டிருக்கிறாய் என்ற பாதிச் செய்தி. அந்தப் பாதியை வைத்துக்கொண்டு அவர் சந்தோஷப்பட்டார்.

சனிக்கிழமை சாயங்காலம் நீ எனக்குத் தனியாக அனுப்பிய கடைசிச் செய்தி வேறு இருக்கிறது. ஜப்பான் நேர்காணலுக்கு உட்காரப் போவதில்லை, இனிமேல் இதைப் பற்றிக் கேட்காதீர்கள் என்று. ஏன் என்று அப்போது புரியவில்லை. இப்போது புரிகிறது.

கேட்கவில்லை. ஆனால் ஓர் உதாரணம் சொல்ல விடு. அம்மா ஆரம்பிச்சிட்டாங்க என்று நீ முனகுவது இங்கே கேட்கிறது. மாவட்டக் கதைசொல்லும் போட்டிக்குப் பள்ளிக்கு ஒரு பிள்ளையைத்தான் அனுப்பலாம். தேர்ந்தெடுப்பது பல வருஷம் என் வேலை. ஐந்து பிள்ளைகள் நன்றாகச் சொல்வார்கள். நான் ஒருத்தியைக் கைகாட்டுவேன். ஒரு தடவை ஒரு பெண் பிள்ளை வந்து, நான் எங்கே டீச்சர் தப்பு பண்ணினேன் என்று கேட்டாள். அவள் எங்கேயும் தப்புப் பண்ணவில்லை. ஓர் இடம், ஐந்து பிள்ளைகள், அவ்வளவுதான். மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவள் என்பதால் சொல்கிறேன்: வேண்டாம் என்று எழுதுகிறவர்களில் பாதிப் பேர் உன்னை எடைபோட்டு எழுதுவதில்லை. இடத்தை எண்ணிப் பார்த்து எழுதுகிறார்கள்.

இன்னொன்று மட்டும் கேட்க வேண்டும். அப்பாவிடம் சொல்லவா, வேண்டாமா? உன் வாயால் கேட்டு வாங்கிய வாக்கு. நீ விடுவித்தால்தான் நான் விடுபட முடியும். ஒரே ஒரு சொல் அனுப்பு.

வேலைக்காக மழையில் தோட்டத்துக்குள் போகும்போது நீள பூட்ஸ் போட்டுக்கொள். வேளைக்குச் சாப்பிடு.

உன் பதிலுக்காகக் காத்திருக்கும்,
அம்மா

*

பெக்கான் நானாஸ்,
மார்ச் 27

அன்புள்ள லோஷினி,

என் கடிதத்தை நீ கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டதாகப் போஸ் லாஜு காட்டுகிறது. அந்தக் கையெழுத்தைப் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தேன். உன்னுடையதுதான். ஆனால் சொல் வரவில்லை.

உன் அனுமதி இல்லாமல் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். காரணத்தைக் கேட்டுவிட்டுக் கோபப்படு.

நேற்றுக் காலை சபாபதி வீட்டுக்கு வந்தார். இந்த வருஷம் பிள்ளைகளோடு பெற்றோரையும் மேடைக்கு அழைப்பதாகக் கமிட்டியில் முடிவாம். உன் அப்பா பேச வேண்டும், எந்த நாடு, எந்தப் பல்கலைக்கழகம், எவ்வளவு கஷ்டப்பட்டுக் கிடைத்தது என்று மற்றப் பிள்ளைகளுக்கு ஊக்கமாகச் சொல்ல வேண்டும் என்றார். அப்பா என்னைப் பார்த்து, எந்த நாடுன்னு முடிவாயிடுச்சா, பிள்ளை உன்கிட்டத்தானே எல்லாம் சொல்லும் என்று சிரித்துக்கொண்டே கேட்டார். அன்னாசித் தோட்டத்தில் மண்டோராக ஆட்களை வேலை வாங்கிய காலத்திலும் சம்பளப் பேச்சுக்கு நாலு பேர் முன்னால் வாய் திறக்காதவர். உனக்காக மைக் பிடிக்கத் தயாராகிவிட்டார். இதற்கு மேல் அவரை நான் எப்படி மேடைவரை போகவிடுவேன்?

சபாபதி போன பிறகு குளிர்ப்பெட்டியைத் திறந்து கேக் பெட்டிகளை எடுத்து மேசைமேல் வைத்தேன். வாயால் எங்கே தொடங்குவது என்று தெரியவில்லை. அவர் பெட்டியைத் திருப்பிப் பார்த்தார். சிபு கடை முகவரி இருந்தது.

“இவ்ளோ தூரம் வந்துச்சா?” என்றார்.

சிம்பாங் வரைக்கும் வந்தாள் என்றேன். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். ஒவ்வொரு நாடாக, நீ எந்த வரிசையில் எனக்குச் சொன்னாயோ அதே வரிசையில். கத்தியைக் கொண்டுவந்தேன், ஒரு துண்டாவது சாப்பிடட்டும் என்று. வேணாம், அவ வந்து வெட்டட்டும் என்று பெட்டியைத் திரும்ப உள்ளே வைத்தார். சட்டையை மாட்டிக்கொண்டு மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

போன் வீட்டிலேயே கிடந்தது. மதியச் சாப்பாட்டுக்கு வரவில்லை. அவருக்குக் கோபம் வந்து நான் பார்த்திருக்கிறேன், துக்கம் வந்தும் பார்த்திருக்கிறேன். இது எது என்று எனக்குத் தெரியவில்லை. பேனரைக் கிழித்துவிடுவாரோ, சபாபதியோடு சண்டைக்குப் போய்விடுவாரோ என்று வாசலுக்கும் அடுப்படிக்குமாக நடந்துகொண்டிருந்தேன். கடைசியில் டோரிஸ்தான் வந்து, டீச்சர், உங்க வீட்டுக்காரரு சிம்பாங்ல ஏணி மேல நிக்கிறாரு என்றாள்.

ஓடினேன். ஏணியைக் கீழே குணாளன் பிடித்துக்கொண்டிருந்தான். பேனர் கிழியவில்லை. அப்பா அதன் குறுக்கே நீளமாக ஓர் ஒட்டுத்தாளை ஒட்டிக்கொண்டிருந்தார். ஆ ஹோக் கடையில் போய், பேனரில் தவறு வந்தால் மறைத்து ஒட்டுகிற அந்த வினைல் தாளில் ஒரே ஒரு சொல் அடித்துக்கொண்டு வந்திருக்கிறார். தமிழில் தட்டச்சு செய்து கொடுக்கும் பையன் நோன்புப் பெருநாள் விடுப்பில். ஆ ஹோக்குக்கோ தமிழ் எழுத்து தெரியாது. அதனால் அப்பாவே மார்க்கர் பேனாவில் எழுதிக் கொடுக்க, அவர் அதை அப்படியே பெரிதாக்கி அடித்துக் கொடுத்திருக்கிறார்.

இப்போது பேனரில் ‘வெளிநாடு செல்லும்’ இல்லை. ‘முனைவர் பட்ட ஆய்வுக்கு விண்ணப்பித்திருக்கும் செல்வி லோஷினி திருச்செல்வம்’ என்று இருக்கிறது. சுற்றிலும் அச்செழுத்து, நடுவில் அந்த ஒரு சொல் மட்டும் அப்பா கையெழுத்து. ஒட்டுத்தாளின் மஞ்சளும் பேனரின் மஞ்சளும் ஒன்று சேரவில்லை. தூரத்திலிருந்தே ஒட்டு தெரிகிறது.

சபாபதி செய்தி கேட்டு வந்துவிட்டார். திரு, விண்ணப்பிச்சதுக்கெல்லாம் மாலை போட்டா, நானும் பேங்க் லோனுக்கு விண்ணப்பிச்சிருக்கேன், எனக்கும் ஒன்னு போடு லா என்றார். நின்றவர்கள் சிரித்தார்கள். நீயும் பேனர் அடி, நானே வந்து போடுறேன் என்றார் அப்பா, ஏணியிலிருந்து இறங்காமல். பிறகு சபாபதி குரலைத் தாழ்த்தி, பேசாம எடுத்துடலாமே, பிள்ளைக்கும் கௌரவமா இருக்கும் என்றார். அவர் நல்லதற்குத்தான் சொன்னார்.

“எடுத்தா, அவ ஒன்னுமே செய்யலன்னு ஆயிடும். ஒரு வருஷம் வேலையும் பாத்துக்கிட்டு உக்காந்து எழுதி அனுப்பிச்சிருக்கா. போறது அவ கையில இல்ல. போட்டது அவ கைதான்.”

இவ்வளவுதான் அப்பா சொன்னது. அதற்குப் பிறகு ஒட்டின் ஓரங்களைத் துணியால் அழுத்திக்கொண்டே இருந்தார்.

நான் மறைக்காமல் சொல்கிறேன், எனக்கு அந்த ஒட்டு பிடித்ததா என்று இன்னும் தெரியவில்லை. வீட்டுக்கு வரும் வழியில், இது பிள்ளையை இன்னும் அதிகமாக வெட்கப்படுத்துமோ என்று அவரிடம் கேட்டேன். பொய்யப் பாத்துத்தானே திரும்பிப் போனா என்றார். ஆனால் நீ வேறு மாதிரி நினைக்கலாம். எடுத்துவிடு என்று நீ ஒரு வார்த்தை சொன்னால், ஏணியை நான் பிடித்துக்கொள்கிறேன், இன்றைக்கே எடுத்துவிடுவார்.

இன்று காலை டோரிஸ் துணி காயப்போடும்போது வேலிப் பக்கம் கூப்பிட்டாள். அவள் மகன் வாலண்டைன் தாதிமைக் கல்லூரிக்கு இரண்டு தடவை விண்ணப்பம் போட்டுக் கிடைக்காததை அவள் தேவாலயத்தில்கூட யாரிடமும் சொன்னதில்லையாம். பையன் போடவே இல்லை என்றுதான் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். பையனும் அப்படியே நம்ப ஆரம்பித்துவிட்டான் டீச்சர் என்றாள். பிறகு சட்டைகளை உதறிக் கிளிப் போட்டுக்கொண்டிருந்தாள்.

திங்கட்கிழமை காலை பத்து மணிக்கு உனக்கு நேர்காணல். நாளைக் காலை முதல் வேலையாகப் போய் இதைப் போட்டால் அதற்குள் உன் கைக்கு வருமா என்பதுகூடச் சந்தேகம்தான். அதனால் தாள்களைப் படம் பிடித்து உன் ஆபீஸ் மின்னஞ்சலுக்கும் அனுப்பச் சொல்லியிருக்கிறேன், குணாளன் உதவுவான்.

உட்கார் என்று சொல்ல எனக்கு உரிமை இருக்கிறதா என்று ராப்பகலாக யோசிக்கிறேன். கிடைத்துவிடும் என்று நான் சொல்லவில்லை. எனக்குத் தெரியாது. முன்பெல்லாம் நீ ஒவ்வொன்றாக அனுப்பும்போது, உனக்குக் கிடைக்காமல் யாருக்குக் கிடைக்கும் என்று சொல்வேன். அன்பாகச் சொன்னது உனக்குச் சுமையாகப் போயிருக்கலாம். ஒவ்வொரு ‘இல்லை’ வரும்போதும் உன் ஏமாற்றத்தோடு என் ஏமாற்றத்தையும் சேர்த்துத் தூக்கியிருக்கிறாய். அதை இறக்கி வை. என்னுடையதை நானே சுமந்துகொள்கிறேன்.

அன்னாசி பூப்பதற்குக் குருத்தில் மருந்து ஊற்றுவதை நீ சின்ன வயதில் அப்பாவோடு போய்ப் பார்த்திருக்கிறாய். எல்லாச் செடிக்கும் ஒரே நாளில் ஊற்றுவார்கள். சிலது பூக்காது. அந்தச் செடியைப் பிடுங்குவதில்லை. பக்கத்தில் ஒரு குச்சி நட்டு வைத்துவிட்டு, வேறொரு நாளில் திரும்ப ஊற்றுவார்கள். நான் அன்னாசி இல்லம்மா என்று நீ சொல்வாய். சரி, இல்லைதான். குச்சி நட்டிருக்கிறது என்று மட்டும் தெரிந்துகொள்.

உட்கார்ந்தாலும் உட்காராவிட்டாலும் நீ எங்கள் பிள்ளை. ஆனால் வேண்டாம் என்று முடிவெடுத்தால், நீ ஆராய நினைத்த அந்தப் பீட் சதுப்பு மண் உனக்குப் பிடிக்காமல் போய்விட்டது என்பதற்காக எடு. பேனருக்காக எடுக்காதே.

என்றும் உன்,
அம்மா

*

பெக்கான் நானாஸ்,
ஏப்ரல் 12

கண்ணு லோஷினி,

இப்போது உன்னோடு போனில் பேச முடிகிறது. இருந்தாலும் எழுதுகிறேன். போனில் நீ அப்பாவோடு பேசுவதைப் பக்கத்தில் நின்று கேட்டுவிட்டு வாங்கி, சாப்பிட்டியா என்று மட்டும் கேட்டு வைத்துவிடுகிறேன். இங்கே நடந்தது உனக்கு முழுதாகத் தெரியாது.

திங்கட்கிழமை பத்து மணிக்கு அப்பா வீட்டுச் சாமி மேடை முன்னால் உட்கார்ந்தார். பதினொரு மணிவரை எழுந்திருக்கவில்லை. நீ உட்கார்ந்தாயா இல்லையா என்று எங்களுக்குத் தெரியாது. செவ்வாயும் தெரியாது. புதன்கிழமை உத்திரத்தன்று அந்த நிலைமையிலேயே மேடைக்குப் போனோம். மருத்துவத்துக்குப் போகும் சாந்தினிக்குப் பெரிய கைதட்டல். அடுத்து சபாபதி உன் பெயரை வாசித்தார். ‘ஆய்வுக்கு’ என்றதும் ஒரு நொடி நின்றார். பிறகு அந்தச் சொல்லை அப்படியே, ஒட்டில் இருப்பதுபோல் வாசித்தார். பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள். அப்பா ஏறிப் போய், உனக்குப் பதில் மாலையைக் கையில் வாங்கிக்கொண்டு, மைக்கைத் தொடாமல் இறங்கி வந்துவிட்டார்.

அன்னதான வரிசையில் இலையைப் போட்டபோதுதான் அவர் போன் அடித்தது. இலை கழுவிய ஈரக் கையை என் சேலையில் துடைத்துக்கொண்டு எடுத்தார். ஸ்பீக்கர் போடவில்லை. எனக்குக் கேட்டது அவர் குரல் மட்டும்தான். உக்காந்தியாம்மா என்றார். நீ என்ன சொன்னாயோ, சாம்பார் ஊற்ற வந்தவரிடம் கையை நீட்டித் தடுத்துவிட்டு வெகுநேரம் கேட்டுக்கொண்டே இருந்தார். சோறு ஆறிவிட்டது. ஆறின சோற்றை நான் எடுத்துக்கொண்டு, என் இலையை அவர் பக்கம் தள்ளிவிட்டேன்.

நேற்று முன்தினம் நீ கூப்பிட்டபோது, அப்பா முகத்தைப் பார்த்தே எனக்குத் தெரிந்துவிட்டது. என்னிடம் சொல்லாமல் அவரிடம் முதலில் சொன்னாய் பார், அதற்கு நான் உனக்குக் கடன்பட்டிருக்கிறேன். அவர் போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டார்.

“இந்தத் தடவையும் இல்லயா. சரிம்மா. அப்ப ஒட்டுனது இன்னும் சரியாத்தான் இருக்கு.”

அந்தப் பக்கம் நீ சிரித்தாயா அழுதாயா என்று கேட்டேன். ரெண்டும்தான் என்றார். அக்டோபரில் திரும்பப் போடப் போகிறாயாம், நிலத்தடி நீர்மட்டக் கணக்கை இன்னும் ஒரு பருவத்துக்குச் சேர்த்துக்கொண்டு வரச் சொல்லி நேர்காணல் செய்த பேராசிரியர் எழுதியிருக்கிறாராம். அப்பா இதைச் சொல்லிவிட்டு, மழை நாளில் சதுப்பில் தண்ணீர் எப்படி ஏறும் என்று எனக்கு அரை மணி நேரம் பாடம் நடத்தினார். நான் மாணவியாக உட்கார்ந்து கேட்டேன். எனக்குப் பயம் போய்விட்டது என்று சொல்லமாட்டேன். அக்டோபரிலும் ‘இல்லை’ வரலாம். வந்தால் இந்தத் தடவை மூன்று பேருமாகக் கேட்டுக்கொள்வோம்.

திருவிழா முடிந்ததும் பேனர்களை அவிழ்த்துவிட்டார்கள். சாந்தினியுடையது சாலையோர அன்னாசிக் கடைக்கு வெயில் மறைப்பாகப் போய்விட்டது. உன்னுடையதைச் சபாபதி கேட்டும் அப்பா கொடுக்கவில்லை. ஒட்டு மடங்கிவிடாதபடி வெளிப்பக்கமாகச் சுருட்டி, அலமாரிக்குப் பின்னால் நிறுத்தி வைத்திருக்கிறார்.

கேக் இன்னும் வெட்டவில்லை. ஜூன் வரை தாங்கும் என்று பெட்டியில் போட்டிருக்கிறது. தொழிலாளர் தின விடுமுறைக்கு வந்தால் போதும். விமானம் இறங்கும் நேரத்தை எனக்கு அனுப்பாதே, அப்பாவுக்கு அனுப்பு. அவரே குணாளனோடு செனாய்க்கு வருவதாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

நல்லா இரும்மா. நெற்றியில் திருநீறு பூசுவதாக நினைத்துக்கொண்டு இந்த வரியை எழுதுகிறேன். சிம்பாங்கில் இப்போது ஒன்றும் கட்டியில்லை, இரண்டு கம்பங்கள் மட்டும் நிற்கின்றன. வண்டியை நிறுத்தச் சொல்லாமல் நேராக வீட்டுக்கு வா.

அம்மா